அணுகுண்டைப் பற்றிய ஆவணப்படங்கள்: எதை முதலில் பார்ப்பது?

அணுகுண்டைச் செய்த அறிவியலாளர்களுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்க இயற்பியலாளர் ஓப்பன்ஹைமரைப் பற்றிய ஹாலிவுட் திரைப்படம் 2023-ஆம் ஆண்டில் நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்துபோன பிறகு, அணுகுண்டைப் பற்றி மேற்கொண்டு எந்த ஆவணப்படத்தைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அந்தத் திரைப்படம் ஹிரோஷிமாவைக் காட்டவில்லை. குண்டு விழுந்த செய்தி ஆய்வுக்கூடத்தை எட்டுவதையும், அதைச் செய்தவரின் மனம் பட்ட பாட்டையும் காட்டியதோடு நின்றுவிட்டது. ஆகவே, கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே தேடவில்லை. சிலருக்கு அறிவியலாளர்களின் கதை இன்னும் விரிவாக வேண்டியிருந்தது. சிலருக்குக் குண்டு விழுந்த ஊரில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டியிருந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் இதே ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கும்போது நாம் ஏன் அமெரிக்காவின் கதையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வரலாறும் அறிவியலும் அரசியலும் ஒரே முடிச்சில் இறுகிக் கிடக்கும் இந்தப் பொருளில், மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து விடை தரும் ஒற்றைப் படம் எதையும் நான் பார்த்ததில்லை.

தேர்வு செய்வதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். திரையில் தெரியும் காட்சியை எடுத்த கேமரா எங்கே நின்றது, அந்தப் படச்சுருள் அதன் பிறகு யார் வசம் இருந்தது என்று பார்க்கிறேன். நமக்குப் பழகிப்போன காளான் மேகக் காட்சிகளில் பெரும்பாலானவை, குண்டை வெடித்தவர்கள் பாதுகாப்பான தொலைவிலிருந்தோ விமானத்திலிருந்தோ எடுத்தவை. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் தெருவில் நின்று, காயம்பட்ட மக்களைப் படம் எடுத்தவராக நாம் அறிவது யோஷிதோ மட்சுஷிகே என்ற பத்திரிகை ஒளிப்படக்காரர் ஒருவரைத்தான். அன்று அவர் எடுத்தவற்றில் நமக்கு மிஞ்சியவை 5 படங்கள். மேலிருந்து எடுத்தவை குவிந்து கிடக்க, கீழிருந்து எடுத்தவை விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பதால், இந்த ஏற்றத்தாழ்வை ஓர் ஆவணப்படம் எவ்வாறு ஈடுகட்டுகிறது என்பதை வைத்தே அதன் தரத்தை மதிப்பிட முடியும் என்று நம்புகிறேன்.

அறிவியலாளர்களின் கதையை விரும்புவோருக்கு ஜான் எல்ஸ் இயக்கிய 'தி டே ஆஃப்டர் டிரினிட்டி' என்ற 1981-ஆம் ஆண்டுப் படத்தைத் தயங்காமல் சொல்வேன். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் இப்படம் எடுக்கப்பட்டபோது ஓப்பன்ஹைமர் இறந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் குண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை செய்தவர்களில் பலர் உயிரோடும் தெளிந்த நினைவோடும் இருந்தார்கள். ஹான்ஸ் பெத்தே, இசிடோர் ராபி, ராபர்ட் செர்பர், ராபர்ட் வில்சன், ஓப்பன்ஹைமரின் தம்பி ஃபிராங்க் ஆகியோர் கேமராவின் முன் அமர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாங்கள் செய்ததைத் தாங்களே எடைபோடுகிறார்கள். ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த செய்தி கேட்டதும் தமக்கு முதலில் தோன்றியது, அது பழுதாகிப் போகாமல் வெடித்ததே என்ற நிம்மதிதான் என்றும், அந்த எண்ணம் முடிவதற்குள்ளாகவே மக்கள் செத்துக் கிடக்கும் காட்சி மனத்தில் எழுந்தது என்றும் ஃபிராங்க் சொல்லும் இடத்தில், எந்த நடிகரும் கொண்டுவர முடியாத ஓர் உண்மை அவர் முகத்தில் தெரிகிறது.

படத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது வில்சனின் பேச்சு. ஜெர்மனி அணுகுண்டைச் செய்துவிடும் என்ற அச்சத்தில்தான் அவர்கள் அந்த வேலையில் இறங்கினார்கள். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்துவிட்டது. அச்சத்தின் காரணம் மறைந்தது. வேலையோ முன்னைவிட வேகமாக நடந்தது. அப்போது நான் ஏன் எழுந்து வெளியே போகவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை என்கிறார் வில்சன். விலகிப்போவது என்ற எண்ணமே அன்றைய காற்றில் இருக்கவில்லை என்றும் சொல்கிறார். அவர் சொல்வதை அப்படியே ஏற்பதற்கு முன், ஒருவர் உண்மையிலேயே விலகிப் போனார் என்பதையும் பார்வையாளர் நினைவில் வைத்திருக்க வேண்டும். போலந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட், ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று உறுதியானதும் 1944-இன் இறுதியிலேயே லாஸ் அலமோஸை விட்டு வெளியேறினார். 1995-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனும் இப்படத்தில் பேசுகிறார். அறிவியலாளராக அணு ஆயுதத்தை நெருங்குபவருக்கு அதன் மினுமினுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று அவர் விளக்கும்போது, வில்சனின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

இப்படத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால் பார்ப்பது எளிதாகும். ஹிரோஷிமாவில் போடப்பட்ட யுரேனியக் குண்டு அதற்கு முன் ஒருமுறைகூட வெடித்துப் பார்க்கப்படவில்லை. யுரேனியத்தின் ஒரு துண்டை இன்னொரு துண்டின் மீது பீரங்கிக் குழலில் செலுத்துவதுபோல் மோதவிட்டால் போதும் என்பதால், அது வேலை செய்யும் என்று கணக்கிலேயே உறுதியாக இருந்தார்கள். அணு உலையில் உண்டாகும் புளுட்டோனியத்தில் அந்த வழி பலிக்காது. அதில் கலந்திருக்கும் புளுட்டோனியம்-240 தானாகவே பிளந்து நியூட்ரான்களை வெளியிடுவதால், இரு துண்டுகளும் முழுதாகச் சேர்வதற்குள் வினை தொடங்கி, குண்டு பிசுபிசுத்துப் போகும். ஆகவே புளுட்டோனிய உருண்டையைச் சுற்றிலும் வெடிமருந்தை வைத்து, எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நொடியில் உள்நோக்கி நசுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் சிக்கலான முறை பலிக்குமா என்று பார்ப்பதற்காகத்தான் 1945 ஜூலை 16 அதிகாலையில், நியூ மெக்சிகோப் பாலைவனத்தில் சுமார் 30 மீட்டர் உயர எஃகுக் கோபுரத்தின் மேல் டிரினிட்டிச் சோதனை நடந்தது. படத்தில் அறிவியலாளர்கள் அன்றைய இரவின் பதற்றத்தை விவரிக்கும்போது, எதற்காக அத்தனை பதற்றம் என்பது இந்தப் பின்னணி தெரிந்தவர்களுக்கே முழுதாக விளங்கும்.

எல்ஸின் படத்தில் குறை இல்லாமல் இல்லை. ஹிரோஷிமாவுக்கு அது ஒதுக்கும் நேரம் குறைவு. கண்ணீரும் குழப்பமும் பெரும்பாலும் குண்டைச் செய்தவர்களுடையவை. மேலும், 1954-இல் ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதியை, அதாவது அரசின் ரகசியங்களை அறியும் உரிமையை, பறித்த முடிவை அமெரிக்க எரிசக்தித் துறை 2022 டிசம்பரில் செல்லாது என அறிவித்துவிட்டது. படம் அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டதால், அந்தச் செய்தியைப் பார்வையாளர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கீழேயிருந்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஸ்டீவன் ஒகசாகியின் 'ஒயிட் லைட் / பிளாக் ரெயின்' (2007) இருக்கிறது. ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த இந்த அமெரிக்க இயக்குநர், ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர்தப்பிய 14 பேரையும், குண்டுவீச்சில் பங்கெடுத்த 4 அமெரிக்கர்களையும் பேசவைத்திருக்கிறார். தொடக்கத்திலேயே டோக்கியோவின் இளைஞர்களிடம் ஆகஸ்ட் 6 அன்று என்ன நடந்தது என்று கேட்கிறார்கள்; அவர்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு வரும் ஒவ்வொரு முதியவரின் பேச்சும், அந்தத் தெரியாமைக்கு எதிராகச் சொல்லப்படுவதாகவே எனக்குக் கேட்டது.

ஹிரோஷிமாவில் 6 வயதுச் சிறுவனாகப் பள்ளிச் சுவரின் மறைவில் நின்றதால் பிழைத்து, பிற்காலத்தில் அந்த அனுபவத்தையே நெடிய படக்கதையாக வரைந்த கேய்ஜி நகசாவா இதில் பேசுகிறார். நாகசாகியில் 16 வயதில் சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தபோது முதுகு முழுவதும் வெந்துபோன சுமிதேரு தனிகுச்சி, சட்டையைக் கழற்றித் தம் உடலைக் காட்டுகிறார். அவரை 1946-இல் அமெரிக்க ராணுவப் படக்குழு வண்ணப் படச்சுருளில் பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவும் இந்தப் படத்தில் இருக்கிறது. சிவந்து உரிந்த முதுகோடு குப்புறக் கிடக்கும் சிறுவனும், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே உடம்போடு நம் முன் நிற்கும் முதியவரும் ஒருவரே என்று உணரும்போது, காலம் என்பது ஒரு காயத்தின் மேல் எப்படிக் கடந்து போகிறது என்று நான் முதன்முறையாகப் பார்த்தேன். நாகசாகியைச் சேர்ந்த சகுவே ஷிமோஹிரா, எல்லாவற்றையும் தாங்க முடியாமல் தம் தங்கை ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டதைச் சொல்லும் பகுதியை இரண்டாம் முறை பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இந்தச் சாட்சியங்களை இனி மறுபடியும் எடுக்க முடியாது. நகசாவா 2012-இலும் தனிகுச்சி 2017-இலும் காலமானார்கள். உயிரோடு இருப்பதாகப் பதிவு செய்யப்பட்டுள்ள பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை 2025 மார்ச்சில் முதன்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அவர்களின் சராசரி வயது 86.

சற்று முன் சொன்ன வண்ணப் படச்சுருள் பல பத்தாண்டுகள் ரகசியக் கோப்பாகவே இருந்தது. அதற்கும் முன்பு, 1945 இலையுதிர்காலத்தில் ஜப்பானியப் படக்குழு ஒன்று இரு நகரங்களிலும் கறுப்பு வெள்ளையில் எடுத்ததை அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். ஜப்பானுக்கு அதன் பிரதி கிடைக்க 1960-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காட்சிகளிலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பார்னோ 1970-இல் தொகுத்த 'ஹிரோஷிமா நாகசாகி ஆகஸ்ட் 1945' வெறும் 16 நிமிடங்கள் ஓடுவது. குறைந்த சொற்களைக் கொண்ட, எதையும் அழகுபடுத்தாத அப்படத்தை, வகுப்பறையில் திரையிட நினைக்கும் ஆசிரியர்களுக்கு முதலாவதாகச் சொல்வேன். ஒரு பாடவேளைக்குள் படத்தைக் காட்டிவிட்டுப் பேசவும் நேரம் மிஞ்சும். ஆயினும் பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இதையும் ஒகசாகியின் படத்தையும் காட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தீப்புண்களின் காட்சிகள் அந்த வயதில் அறிவைத் தருவதற்கு முன்பாக அச்சத்தைத் தந்துவிடும்.

'தி அட்டாமிக் கஃபே' (1982) வேறொரு வழியில் போகிறது. கெவின் ராஃபர்ட்டி, ஜேன் லோடர், பியர்ஸ் ராஃபர்ட்டி ஆகிய மூவரும் ஐந்தாண்டுகள் உழைத்து, அமெரிக்க அரசின் பிரசாரப் படங்கள், ராணுவப் பயிற்சிப் படங்கள், செய்திச் சுருள்கள், அக்காலப் பாடல்கள் ஆகியவற்றை மட்டும் கோத்து இதைச் செய்தார்கள். பின்னணிக் குரல் கிடையாது. குண்டு வெடித்தால் மேசைக்கு அடியில் குனிந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆமை ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் படமும், பாதுகாப்பான தூரத்திலிருந்து பார்த்தால் அணுகுண்டு மனிதன் கண்ட மிக அழகிய காட்சிகளில் ஒன்று என்று சிப்பாய்களுக்குச் சொல்லும் படமும் இதில் வருகின்றன. ஓர் அரசு தன் மக்களிடம் எப்படிப் பொய் சொல்கிறது என்பதை அந்த அரசின் வாயாலேயே சொல்லவைத்ததில் இதற்கு நிகரான படத்தை நான் அறியேன். அதேசமயம், யாருடைய பேச்சு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால், பனிப்போர்க் கால அமெரிக்க வரலாறு ஓரளவாவது தெரியாதவருக்கு இது சிதறிய துணுக்குகளாகவே படும். சிரிப்பை வரவழைக்கும் காட்சிகள் மிகுந்திருப்பதால், முதலாவதாக இதைப் பார்ப்பவர் பொருளின் கனத்தை உணராமல் போய்விடக்கூடும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

அதே காப்பகக் காட்சிகளை இரு மனிதர்களின் சாட்சியத்தோடு சேர்த்துச் சொல்லும் ராபர்ட் ஸ்டோனின் 'ரேடியோ பிகினி' (1988) ஒரு மணி நேரத்துக்கும் குறைவானது. எனக்கு அது இன்னும் நெருக்கமான படம். 1946-இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள பிகினித் தீவின் மக்கள் 167 பேரை, மனிதகுலத்தின் நன்மைக்காக என்று சொல்லி அப்புறப்படுத்திவிட்டு, அமெரிக்கக் கடற்படை அங்கே இரு குண்டுகளை வெடித்தது. அத்தீவின் தலைவர் ஒருவரும், சோதனையில் பணியாற்றிய கடற்படை வீரர் ஒருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். வீரரின் முகத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்த கேமரா இறுதியில் சற்று விலகும்போது தெரிவது என்ன என்பதை, பார்க்கப் போகிறவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

அரசியல் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு எரால் மாரிஸின் 'தி ஃபாக் ஆஃப் வார்' (2003) ஏற்றது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மக்னமாரா, 85 வயதில், நேராக நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். கேள்வி கேட்பவரின் முகம் லென்ஸின் மீதே தெரியும்படி மாரிஸ் அமைத்திருந்த கருவியால் அது சாத்தியமானது. அணுகுண்டுக்கு முன்பே, 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேர் தீக்குண்டுகளால் எரிந்து இறந்ததையும், அந்தத் திட்டத்தின் கணக்குகளில் தமக்கும் பங்கு இருந்ததையும் அவர் ஒப்புக்கொள்கிறார். போரில் தோற்றிருந்தால் நம் எல்லோரையும் போர்க் குற்றவாளிகளாக நிறுத்தியிருப்பார்கள் என்று தம் தளபதி கர்ட்டிஸ் லெமே கூறியதை நினைவுகூர்ந்து, அவர் சொன்னது சரிதான் என்கிறார். சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் வைக்கப்பட்டதால் எழுந்த 1962-இன் நெருக்கடியின்போது அத்தீவில் 162 அணு ஆயுதங்கள் ஏற்கெனவே இருந்தன என்பதைத் தாம் 1992-இல்தான் அறிந்ததாக அவர் சொல்லும் இடம், அறிவுள்ளவர்கள் ஆட்சியில் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்களை நிலைகுலைய வைக்கும். எனினும் இது ஒரே மனிதரின் வாக்குமூலம். அவர் எதைச் சொல்ல மறுக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

பீட்டர் குரானின் 'டிரினிட்டி அண்ட் பியாண்ட்' (1995) சோதனை வெடிப்புகளின் பழைய படச்சுருள்களைச் சீர்செய்து, பெரும் இசைக்குழுவின் இசையோடு காட்டுகிறது. தொழில்நுட்ப ஆர்வலர்களுக்கு அது விருந்தாக இருக்கலாம். கேமரா முழுக்க முழுக்க மேலேயே நிற்கும் அப்படத்தை நான் எவருக்கும் முதலாவதாகச் சொல்லமாட்டேன். ராபர்ட் கென்னரின் 'கமாண்ட் அண்ட் கண்ட்ரோல்' (2016) விபத்துகளைப் பற்றியது. 1980 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தில், ஏவுகணைக் கிடங்கில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தவரின் கைதவறி விழுந்த ஒரு கருவித்துண்டு எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. ஏவுகணை வெடித்துச் சிதறியபோதும் அதன் முனையில் இருந்த 9 மெகாடன் அணுகுண்டு வெடிக்கவில்லை. இயந்திரங்கள் எப்படிப் பழுதாகின்றன என்று அறிய விரும்பும் பொறியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். ஆனந்த் பட்வர்தனின் 'ஜங் அவுர் அமன்' (2002), 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் இந்தியாவும், அதே மாத இறுதியில் சாகாயில் பாகிஸ்தானும் நடத்திய சோதனைகளைச் சுற்றி எடுக்கப்பட்டது. காந்தியின் கொலையில் தொடங்கி, சோதனையைக் கொண்டாடிய ஊர்வலங்கள், பொக்ரானை அடுத்த கிராமத்தார், யுரேனியம் தோண்டப்படும் ஜாதுகோடாவின் ஆதிவாசிகள், பாகிஸ்தானில் அணுகுண்டைப் பற்றி மேடையில் விவாதிக்கும் பள்ளி மாணவியர், ஹிரோஷிமாவில் உயிர்தப்பியவர்கள் என்று இது நீண்ட பயணம் போகிறது. தணிக்கை வாரியம் பல காட்சிகளை வெட்டச் சொன்னது. பட்வர்தன் நீதிமன்றம் சென்றார். வெட்டின்றித் திரையிடலாம் என 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பவருக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. அந்தச் சோதனைகளின் முன்னணியில் நின்ற இருவரில், அப்துல் கலாம் ராமேசுவரத்தில் பிறந்தவர். அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் சென்னையில் பிறந்தவர். நம்மில் பெரும்பாலோர் அவர்களின் சாதனையாகவே பொக்ரானை அறிந்திருக்கிறோம். அந்தப் பெருமிதத்தைக் கைவிடச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் சோதனைக் களத்துக்கு அருகில் வாழ்ந்தவர்களும், தாதுவை வெட்டியெடுத்த ஊரில் வாழ்ந்தவர்களும் என்ன சொன்னார்கள் என்பதைக் கேட்காமல் அந்தப் பெருமிதம் முழுமை அடையாது. படத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். இயக்குநர் தம் நிலைப்பாட்டை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்; அணு ஆயுதத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தை, குறிப்பாக 1964-இல் சீனா அணுகுண்டை வெடித்த பிறகு இந்தியாவில் எழுந்த பாதுகாப்புக் கவலையை, அதன் முழு வலிமையோடு எதிர்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுவதால் ஒரே அமர்வில் பார்ப்பதும் கடினம். இரண்டு மாலைகளாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். ஒரே ஒரு மாலை மட்டும் ஒதுக்க முடிந்தவர், அதிலும் 2023-ஆம் ஆண்டின் திரைப்படத்தை ஏற்கெனவே பார்த்தவர், ஒகசாகியின் படத்தைப் பார்க்கட்டும்; அந்தத் திரைப்படம் விட்டுச்சென்ற வெற்றிடத்தை அது ஒன்றே நிரப்புகிறது. இரண்டு மாலைகள் உள்ளவர், முதல் நாள் ஒகசாகியையும் மறுநாள் எல்ஸையும் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிவியலாளர்களை முதலில் பார்த்தால், டைசன் சொன்ன மினுமினுப்பு நம்மையும் பற்றிக்கொள்கிறது. ஷிமோஹிராவையும் தனிகுச்சியையும் கேட்டுவிட்டு வந்தால், வில்சன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வியை நாமும் அவரோடு சேர்ந்து கேட்கிறோம். மூன்றாவது மாலை கிடைத்தால் அது பட்வர்தனுக்கு உரியது. அட்டாமிக் கஃபேயையும் மக்னமாராவையும் இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எல்ஸின் படத்துக்குத் தலைப்பு வந்த விதமும் இந்த வரிசையை வலுப்படுத்துகிறது. அணு ஆயுதப் பரவலைத் தடுக்கும் பேச்சுவார்த்தையை அதிபர் ஜான்சன் தொடங்க வேண்டும் என்று ராபர்ட் கென்னடி வலியுறுத்தியதைப் பற்றி 1960-களில் ஓப்பன்ஹைமரிடம் கேட்டபோது, இருபது ஆண்டுகள் தாமதமாகிவிட்டது, டிரினிட்டிக்கு மறுநாளே செய்திருக்க வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். டிரினிட்டிக்கு மறுநாள் என்பது 1945 ஜூலை 17. அன்று ஹிரோஷிமாவுக்கு இன்னும் 20 நாள்கள் மீதம் இருந்தன.